ஈ பிடிப்பவர்

ஓர் இரும்புத் தூணைத் தட்டிப் பார்த்து, அது ஊமையா வாயாடியா என்று உங்களால் சொல்ல முடியுமா? அவர் சொல்வார். கடையின் வழவழத்த தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, நடுவிரல் முட்டியால் டொக்கென்று ஒரு தட்டு. உடனே அதே இடத்தில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்த்து, "இது வாயாடி சார். ஸ்பீக்கர் ஒண்ணு பேசினா இது ரெண்டு பேசும். வேண்டாம்" என்பார். பக்கத்தில் நிற்பதைத் தட்டுவார். "இது ஊமை. ஸ்டாண்டுன்னா ஊமையாத்தான் இருக்கணும். பேசுறதுக்குத்தான் மேல ஒருத்தன் உக்காந்திருக்கானே."

வீட்டுக்குள்ளேயே தியேட்டர் அமைத்துத் தரும் கடை அது. சுவர் அளவு திரை, சுற்றிலும் ஸ்பீக்கர்கள், அவற்றைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டுகள். திரையைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் ஸ்டாண்டு என்றதும் முகத்தைச் சுளிப்பார்கள். அதற்கும் ஒரு விலையா என்பார்கள். அவர்களைச் சரிக்கட்டும் வேலை இவருடையது. மெலிந்த உடம்பு, மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட சட்டை, தையல்காரரைப் போல் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பு. யார் வந்தாலும் ஸ்டாண்டைக் காட்டமாட்டார். முதலில் சோபாவில் உட்காரச் சொல்வார்.

"வீட்ல எப்படி உக்காருவீங்களோ அப்படி உக்காருங்க சார். போட்டோ எடுக்கிற மாதிரி நிமிராதீங்க."

உட்கார்ந்தவரின் காதிலிருந்து தரை வரை டேப்பை இழுப்பார். ஸ்பீக்கர் விலை விசாரிக்கப் போய் நான் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று, உட்கார்ந்திருந்தவர் புதுவீடு கட்டிய ஓர் இளைஞர். மனைவி அருகில் கைப்பையோடு நின்றிருந்தார்.

"ஒரு ஸ்டூலைப் போட்டு மேல வச்சா என்ன அண்ணே?" என்றார் இளைஞர்.

"வைக்கலாம் சார். பாட்டு பாதி ஸ்பீக்கர்ல வரும், பாதி ஸ்டூல்ல வரும். ஸ்டூலுக்குப் பாட்டு தெரியுமா?"

"இவருக்கே தெரியாது, ஸ்டூலுக்கு எங்க தெரியப்போகுது" என்றார் மனைவி. பிறகு கவலையோடு ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார். "இவ்ளோ கனமா இருக்கே. குழந்தை இழுத்து மேல போட்டுக்கிட்டா?"

"கனம் இருந்தா இழுக்க வராதும்மா. லேசா இருக்கிறதுதான் விழும். அடித்தட்டு அகலமா, தூணுக்குள்ள மணலு. நீங்களே தள்ளிப் பாருங்க. உயரம் மட்டும் உங்க காதுக்குச் சரியா இருக்கணும். ரொம்ப மேல வச்சா உங்க தலைக்கு மேல யார்கிட்டயோ பேசிட்டுப் போகும். கீழ வச்சா உங்க முட்டிகிட்ட பேசும். காசு குடுத்துட்டு முட்டிக்கா கேக்க வைக்கப்போறீங்க?"

வாங்கிவிட்டுப் போனார்கள். கடையில் அவருக்குக் காதண்ணன் என்று பெயர். முதலாளி வைத்தது. பழைய நாட்களில் வாடிக்கையாளர்களிடம் அவரைத் தோளில் தட்டி, "இவர் காது கடையோட சொத்து" என்று அறிமுகப்படுத்துவாராம்.

அந்தக் காதுக்கு ஒரு காரியம் இருந்தது. ஈ பிடிப்பது. வேறு கடைகளில் ஈ ஓட்டினால் வியாபாரம் இல்லை என்று பொருள். இந்தக் கடையில் ஈ பிடித்தால்தான் வியாபாரம் முடிந்ததாகக் கணக்கு. வாடிக்கையாளர் வீட்டில் ஸ்டாண்டை நிறுத்தி, தூணுக்குள் காய்ந்த மணலைக் கொட்டி, மேல்தட்டை முடுக்கி, ஸ்பீக்கரை ஏற்றிய பிறகு ஒரே ஒரு ஒலியைப் போடுவார்கள். அடிவயிற்றில் உருளும் உறுமலில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, விசிலாகக் கூர்ந்து, காதுக்கு எட்டாமல் போய்விடும் ஒலி. அது ஏறும் வழியில் எங்காவது ஒரு திருகாணி, ஒரு ஜன்னல் கண்ணாடி, ஒரு படச்சட்டம் கூடவே ங்ங்ங் என்று முனகும். அதுதான் ஈ. காதண்ணன் அறை நடுவில் நின்று தலையைச் சாய்ப்பார், நேராகப் போய் ஒரு திருகாணியில் விரலை வைப்பார், ஈ செத்துப்போகும். வீட்டுக்காரர்கள் கை தட்டுவார்களாம்.

இதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. நான் பழகத் தொடங்கியபோது அவருக்கு முக்கால்வாசிக் காது போயிருந்தது.

தெரிந்துகொண்டது இப்படித்தான். அவர் பின்னால் நின்று ஒரு கேள்வி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். பில் போடும் பெண், தலையை நிமிர்த்தாமல், உதடு மட்டும் அசைய, "முன்னாடி போய் நின்னு பேசுங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மாடிப்படி வளைவுக்கு என்னை அழைத்துப் போனார்.

"மெய்யெழுத்தெல்லாம் போயிருச்சுங்க. உயிரெழுத்து மட்டும் வருது. நீங்க பேசினா ஆ, ஓன்னு ஏதோ வரும். மிச்சத்தை உங்க வாயைப் பாத்து நானே எழுதிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மக படிப்பு முடியற வரைக்கும் இந்த வேலை இருக்கணும்."

மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவி வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுக்கிறார். ஸ்டாண்டைத் தட்டியதும் அவர் உள்ளங்கையை வைத்தது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. காதில் விழாததைக் கையால் வாங்கிக்கொண்டிருந்தார்.

காது மருத்துவர் கருவி மாட்டச் சொல்லியிருந்தார். மலிவான ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கடைக்கு வெளியே மட்டும் மாட்டுவார். "காதுல மிஷின் மாட்டிக்கிட்டு ஸ்பீக்கர் விக்கிறவன்கிட்ட யாருங்க வாங்குவாங்க? பல்லு இல்லாதவன் பல்பொடி வித்த மாதிரி" என்று அவரே சிரித்தார்.

எப்படிப் போனது அந்தக் காது? கடைக்குள் டெமோ அறை என்று ஒன்று இருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு, கதவும் பஞ்சு. உள்ளே எவ்வளவு அலறினாலும் வெளியே தெரியாது. காலையில் கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை, வீடுகளுக்குப் போகும் நேரம் போக, காதண்ணன் பெரும்பாலும் அதற்குள்தான் ஒலியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். வாங்க வருகிறவர்கள் யாரும் மெல்லிய வீணை கேட்பதில்லை. "கட்டடம் இடியுற சீன் போடுங்க." "ஹெலிகாப்டர் தலைக்கு மேல போகுமே, அது." "இன்னும் வைங்க அண்ணே, இவ்ளோதானா?" ஒரு குடும்பம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த குடும்பம் வரும். அதே கட்டடம் மறுபடி இடியும். இருபது வருடங்களுக்கு மேலாக அவர் தலைமேல் அந்தக் கட்டடம் இடிந்துகொண்டே இருந்தது. முதலாளிக்குக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தனி அறை.

உட்காதில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் செத்தால் மறுபடி முளைக்காது. மருத்துவர் அதைப் படம் போட்டே காட்டினாராம். முடி கொட்டினால் தைலம் தடவுகிற உலகத்துக்கு இந்த மயிர் கொட்டுவது தெரிவதில்லை.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள், நீலநிற வெல்வெட்டின் மேல், கூழாங்கல் போன்ற கறுப்புக் கற்கள் இருக்கின்றன. ஒலி சுத்திகரிப்புக் கல் என்று பெயர். ஸ்டாண்டின் அடித்தட்டில் நான்கு மூலைக்கும் நான்கு வைத்தால் காற்றில் உள்ள மாசு அதிர்வுகளை அவை உறிஞ்சிக்கொள்ளுமாம். குரல் தேன் மாதிரி வருமாம். படித்தவர்கள், பொறியியலில் பட்டம் வாங்கியவர்கள், பயபக்தியோடு அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் குனிந்தால் மூட்டை மூட்டையாக அள்ளலாம். கல்லுக்குப் பெயர் வைத்து வெல்வெட்டில் உட்காரவைத்தால் கேள்வி கேட்கும் புத்தி ஓடிப்போய்விடுகிறது.

காது நன்றாக இருந்த காலத்தில் காதண்ணன் இந்தக் கல்லை ஏற்றுக்கொண்டதே இல்லை. வாடிக்கையாளர் எதிரிலேயே, "கல்லு வச்சும் கேட்டேன், எடுத்துட்டும் கேட்டேன் சார். எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. அந்தக் காசுக்கு நல்ல ஸ்டாண்டு வாங்குங்க" என்பாராம். முதலாளி பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனால் அந்தக் காதை எதிர்த்து அவரால் பேச முடியவில்லை.

நான் பார்த்த ஒரு மாலையில், ஒரு பெரியவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "நிஜமாவே கேக்குதாப்பா வித்தியாசம்?" முதலாளி தடுப்புக்கு வெளியே வந்து நின்றார். காதண்ணன் முதலாளியைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார்.

"நல்லா தெரியுது சார். அப்படியே திரை விலகின மாதிரி."

பெரியவர் நான்கு கற்களையும் வாங்கினார்.

மாடிப்படி வளைவில் அவராகவே பேச்சை எடுத்தார். "காது இருந்தப்ப கேக்கலன்னு சொன்னேன். நம்பினாங்க. இப்ப கேக்கலன்னு சொன்னா, காது போச்சான்னு கேப்பாங்க. அதான்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "கல்லு விக்கிறதுக்குச் செவிடன்தாங்க லாயக்கு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தேன். கல்லுக்குச் சக்தி உண்டென்று சொல்கிறவர்கள் எல்லோரும் நம்பிச் சொல்வதில்லை. பாதிப்பேர் பிழைப்புக்குப் பயந்து சொல்கிறார்கள். பயத்தை மனதில் வைத்தவன் எவனோ, கல்லை வெல்வெட்டில் வைத்தவனும் அவனே.

காதண்ணன் மாட்டிக்கொண்டது ஓர் ஈயால்தான்.

ஒரு பல் மருத்துவர் வீட்டில் ஸ்டாண்டுகளை நிறுத்திவிட்டு வந்தார். மணலைக் கொட்டினார், முடுக்கினார், ஒலியைப் போட்டார். உள்ளங்கையைத் தூணில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். உறுமலில் எந்த ஈயும் இல்லை. நடுவிலும் இல்லை. உச்சியில், விசில் கூர்ந்து போகும் இடத்தில், மேல்தட்டுக்குக் கீழே ரப்பர் வளையம் போட மறந்த ஒரு திருகாணி முனகியிருக்கிறது. அவ்வளவு மெல்லிய நடுக்கம் கைக்கு எட்டாது. அது காதுக்கு மட்டுமே வருவது. "சுத்தம் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மருத்துவர் வீட்டுச் சின்னப்பெண், யாரோ ஒரு பாடகி உச்சத்துக்குப் போனபோது, "அப்பா, டிவிக்குள்ள ஈ இருக்கு" என்றாளாம். மருத்துவர் போனை எடுத்தார். "நாலு வயசுக் குழந்தைக்குக் கேக்குது. உங்க எக்ஸ்பர்ட்டுக்குக் கேக்கலையா?"

முதலாளி கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். தனியாகக் காது மருத்துவரிடம் அனுப்பியிருக்கலாம். அவர் செய்தது வேறு. கடையில் இருந்த எல்லோரையும் டெமோ அறைக்குள் வரச் சொன்னார். பில் போடும் பெண், வண்டி ஓட்டுகிறவர், ஒயர் இழுக்கிற இருவர். அன்று நானும் கடையில் இருந்தேன். கதவருகே நின்றேன், யாரும் போகச் சொல்லவில்லை.

"காதண்ணே, சும்மா ஒரு விளையாட்டு. சத்தம் கேக்குற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிருக்கணும். நின்னதும் இறக்கிடணும். அவ்ளோதான்."

ஒலி கிளம்பியது. அவர் கையைத் தூக்கினார். கண்கள் பில் போடும் பெண்ணின் முகத்தைத் தேடின. முதலாளி அதைக் கவனித்துவிட்டார்.

"அவளை ஏன் பாக்குறீங்க? அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

பஞ்சுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையனைப் போல. ஒலி ஏறியது. உறுமல் போய், ஊதல் வந்து, அதுவும் கூர்ந்து என் பல்லைக் கூசவைத்தது. ஒயர் இழுக்கிறவர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். காதண்ணனின் கை இறங்கவில்லை. முதலாளி ரிமோட்டை அழுத்தி ஒலியை நிறுத்தினார். அறை அடங்கியது. பஞ்சுச் சுவர்களுக்குள் அமைதி எவ்வளவு அடர்த்தியாக இருக்கும் என்பது அந்த மாதிரி அறைக்குள் நின்றவர்களுக்குத் தெரியும்.

அவர் கை தூக்கியபடியே இருந்தது.

முதலாளி சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. சரியாகக் காட்டவேண்டும் என்று காதண்ணன் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். பில் போடும் பெண்தான் போய் அவர் தோளைத் தொட்டாள். "போதும் அண்ணே. இறக்குங்க."

அவர் திரும்பி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என்ன நடந்தது என்று எங்கள் முகங்களில் படித்தார்.

"நான் பொய் சொல்லலங்க" என்றார் முதலாளியிடம். "எனக்குக் கேட்டுது. இப்பவும் கேக்குது. ஊய்னு ஒரு சத்தம், நிக்கவே மாட்டேங்குது. தூங்குறப்பகூட நிக்கிறதில்ல."

செத்த காதுக்குள் தானாகவே ஓர் இரைச்சல் கிளம்பும். அதற்கும் மருந்து கிடையாது.

அடுத்த வாரம் டெமோ அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். காதண்ணனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சம்பளமும் அதற்கேற்ப இறங்கியது. "வேலையை விட்டு அனுப்பலையே, அதுவே பெரிசு" என்று முதலாளி என்னிடமே பெருமையடித்துக்கொண்டார்.

பில் போடும் பெண்ணுக்குத்தான் பொறுக்கவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவோம் என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி, காதண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"எந்த ஃபேக்டரி?"

"ஃபேக்டரி இல்ல சார், கடை" என்றாள் அவள்.

"கடையில என்ன மிஷின் ஓடுது?"

"மிஷின் இல்ல சார். ஸ்பீக்கர்."

அதிகாரி அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, கல்லு உடைக்கிறவன், பாய்லர்ல நிக்கிறவன் வந்து காது போச்சுங்கறான், சரி. நாள் முழுக்க ஏசியில உக்காந்து சினிமா பாத்துட்டு காது போச்சுன்னா? பாட்டு கேட்டதுக்கெல்லாமா நஷ்டஈடு குடுப்பாங்க?"

அதிகாரி என்ன சொன்னார் என்று காதண்ணனுக்கு விளங்கவில்லை. அதிகாரியின் மீசை உதட்டை மறைத்திருந்தது. "என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார். "அப்புறம் வரச் சொல்றாரு அண்ணே" என்றாள் அவள்.

காதுக்குச் சட்டம் தெரியாது. உள்ளே வந்து மோதுவது பாய்லரா, படத்தில் இடியும் கட்டடமா என்று அந்த மயிரிழைகள் விசாரிப்பதில்லை. சம்மட்டி விழும் இடத்தில் நிற்பவனுக்கு ஒரு நியாயம், பஞ்சு வைத்த அறையில் நிற்பவனுக்கு வேறு நியாயம் என்று பிரித்து எழுதிவைத்தவர்கள் யாரும் அந்த அறைக்குள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததில்லை. உடம்பில் ரத்தம் வராத காயத்தை இந்த உலகம் காயம் என்று ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை பேர் செவிடாக வேண்டும்?

போன வாரம் கிடங்குக்குப் போயிருந்தேன். தகரக் கூரை, ஒற்றைக் குழல் விளக்கு, அடுக்கடுக்காக அட்டைப் பெட்டிகள். ஸ்டாண்டுகளை அட்டையில் சுற்றி நாடாவால் கட்டிக்கொண்டிருந்தார். டேப்பு கழுத்தில் இல்லை. காதில் கருவி இருந்தது, இங்கே மறைக்க யாரும் இல்லை. புதிதாக வந்தவர் ஸ்டாண்டோடு கற்களையும் சேர்த்தே விற்கிறாராம். நன்றாகப் போகிறதாம். எந்த ஸ்டாண்டு யார் வீட்டுக்குப் போகிறது, அங்கே சோபா எவ்வளவு உயரம் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. "எல்லாருக்கும் ஒரே உயரம்தான் அனுப்புறாங்க. மனுசங்க எல்லாம் ஒரே உயரத்துலயா இருக்காங்க?" என்றார்.

அவர் போன் நடுங்கியது. மகள். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அடுத்த கணமே சுருங்கியது.

"மெசேஜ் அனுப்பும்மான்னா, உங்க குரல் கேக்கணும்பாங்கறா. அவ குரல் ரொம்ப மெல்லிசு. போனைக் காதுகிட்ட வச்சா மிஷின் வேற கத்துது."

"காது விஷயம் அவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வேலைக்கு வந்து நிப்பா. அவளை எனக்குத் தெரியும்."

போனின் ஸ்பீக்கரைப் போட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் அட்டைப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து விளக்குக்கு நேராக இழுத்து நிறுத்தினார், என் வாய் அவருக்குத் தெரிய வேண்டும் என்று. "சத்தம் வராம சொல்லுங்க" என்றார்.

"அப்பா, சாப்டீங்களா?" என்றது போன்.

நான் உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"சாப்டேம்மா! நீ சாப்டியா?" கிடங்கு அதிர்ந்தது.

"சாப்டேன். ஏம்பா இப்படிக் கத்துறீங்க? கடையில யாராச்சும் திட்டப்போறாங்க."

அதையும் ஒலியில்லாமல் சொன்னேன். அவருக்கு ஒருமுறையில் பிடிபடவில்லை. மறுபடி சொன்னேன். புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். குனிந்து, போனுக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோய், தன் குரல் எவ்வளவு சிறிதாகிறது என்று தனக்கே தெரியாமல், "சரிம்மா" என்றார். போதுமா என்று என்னிடம் புருவத்தை உயர்த்திக் கேட்டார். இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கையால் காட்டினேன். குறைத்தார்.

அடுத்த முறை ஏதாவது ஒரு கடையில் டெமோ அறைக்குள் நீங்கள் போய் உட்காரும்போது ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் முதலாளியைப் பார்த்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, உள்ளே நாள் முழுதும் இருக்கிறவரின் காதை எப்போது பரிசோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை எதையும் வாங்காதீர்கள்.